12 பேர்ச்ல உங்க பங்கு எவ்வளவு?

கம்பளையில இருந்து எழுதின தம்பிக்கு. ரயில் லைன் ஓரத்துல தாத்தா பேர்ல 12 பேர்ச் காணி, ரெண்டாவது தண்டவாளம் போடன்னு காணி சுவீகரிப்புச் சட்டத்தோட 2ஆம் பிரிவு நோட்டீஸ் (அரசாங்கம் காணி எடுக்கப் பாக்குதுன்னு சொல்ற முதல் நோட்டீஸ்) ஒட்டியாச்சு, சர்வேயர் கேக்காம பலாமரத்துல பெயின்ட் அடிச்சிட்டாரு, கிராம சேவகர் மரியாதையில்லாம பேசினாரு, ஒரு கல்லு கூட வைக்காத சித்தப்பா இப்ப பங்குக்கு வர்றாரு, வீடு கட்டி 20 வருஷமா இருக்கிற உங்களுக்கே முழு நட்டஈடும் வரணும். இதானே?

பெயின்ட், கிராம சேவகர் கதையெல்லாம் விடுங்க. ஆட்சேபம் எழுதிக் குடுக்கலாம்தான், ஆனா இந்தக் காணி பொதுத் தேவைக்கு வேணும்ங்கிற 5ஆம் பிரிவு பிரகடனம் கெசட்ல வந்துட்டா பெரும்பாலும் முடிஞ்ச கதை, 38ஆம் பிரிவுல காசு வர்றதுக்கு முன்னாடியே காணிய எடுத்துக்கவும் முடியும்.

நீங்க போறபோக்குல எழுதின ஒரு வரிதான் விஷயமே: காணி உறுதி (பத்திரம்) இன்னும் தாத்தா பேர்ல, உயில் கிடையாது. அப்ப அப்பா, சித்தப்பா, அத்தைக்கு ஆளுக்கு 4 பேர்ச். காலமான அப்பாவோட 4ல பாதி அம்மாவுக்கு, மிச்சம் உங்களுக்கும் தங்கச்சிக்கும். உங்க பேருக்கு வர்றது 1 பேர்ச். 20 வருஷமா இருக்கேன்னு சொல்லாதீங்க, பங்காளி ஒருத்தன் தனியா இருந்தாலும் அது எல்லாருக்குமா இருந்த கணக்குதான்னு அப்ப நம்ம நாட்டுக்கு மேல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1911லயே சொல்லிட்டாங்க.

என்கிட்ட வர்றவங்க விழுற குழி இதுக்கப்புறம்தான். நட்டஈடு கேக்கிறவங்க வாங்கன்னு வர்ற 7ஆம் பிரிவு நோட்டீஸுக்கு நீங்க ஒரு கிளெய்ம், சித்தப்பா ஒரு கிளெய்ம் போடுவீங்க, விசாரணையில கத்துவீங்க, யாருக்கு எவ்வளவு பங்குங்கிற சண்டையை பிரதேச செயலாளர் 10ஆம் பிரிவுல மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பிட்டு கைகழுவிருவாரு. வீடு இடிஞ்சு ரயிலும் ஓடும், உங்க காசு மட்டும் கோர்ட்ல கெடக்கும். அண்ணன் தம்பி ரெண்டு பேர் இப்படி அலைஞ்சு, அண்ணன் காசைப் பாக்காமலே போய்ச் சேந்துட்டாரு. பஸ் காசு, லோயர் பீஸ் (என் பீஸும்தான்) வேற.

அதனால சமாதானமா போங்க. நிலத்துக்கான காசு பங்குப்படி, வீட்டுக்கான காசு கட்டினவருக்குன்னு நொத்தாரிஸ்கிட்ட எழுதி எல்லாரும் ஒரே கிளெய்ம்ல கையெழுத்து போடுங்க, வீட்டுக் கணக்கு, பில்லு, போட்டோ இப்பவே சேருங்க. ரயில்வே ஒதுக்குக்குள்ள (லைன் ஓரத்துல ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துல) போட்ட கோழிக்கூட்டை அதுல சேக்காதீங்க.

இந்த ஞாயிறே சித்தப்பா வீட்டுக்குப் போங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, உங்களவிட அவங்க பங்கு ரெண்டு மடங்கு.