பட்டனும் வேண்டும், டச்சும் வேண்டும்: வாங்குவோர் கேள்வி-பதில்

குறைந்த விலையில் கீபேடும் தொடுதிரையும் சேர்ந்த போன் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

அப்பா விவசாயி, வயது 72. டச் போனில் விரல் வைத்தால் எதுவுமே நடக்கவில்லை என்கிறார். பட்டன் போனில் பேரனை வீடியோவில் பார்க்க முடிவதில்லை. இரண்டும் சேர்ந்த போன் ஒன்று 4,000 ரூபாய்க்கு இருக்கிறதாம். எதைப் பார்த்து வாங்குவது?
*வாசகி, பாபநாசம்*

அப்பா சொல்வது உண்மை, அவர் தப்பாக அழுத்துகிறார் என்று நினைக்காதீர்கள். இப்போதைய தொடுதிரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. விரலின் தோல் மின்சாரத்தைக் கடத்துவதால்தான் தொட்ட இடம் திரைக்குத் தெரிகிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்து, வறண்டுபோன விரல் நுனியைச் சில திரைகள் கண்டுகொள்வதே இல்லை. பழைய வகைத் திரையில் இரண்டு மெல்லிய படலங்கள் இருக்கும். அழுத்தினால் ஒன்றையொன்று தொடும், நகம் பட்டாலே போதும். நோக்கியா 2010-ல் அறிவித்த எக்ஸ்3-02, 2011-ல் அறிவித்த ஆஷா 300 இரண்டும் அந்த வகை. ஆனால் அதே ஆஷா வரிசையில் 303 இன்றைய வகைத் திரையோடு வந்தது. பெட்டியில் 'டச்' என்று போட்டிருப்பதை வைத்து எந்தத் திரை என்று சொல்ல முடியாது. அதனால் அப்பாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் விரலுக்கு வேலை செய்கிறதா என்பதுதான் முதல் சோதனை, உங்கள் விரலுக்கு அல்ல.

இந்த விலையில் இரண்டையும் கொடுக்கிறார்கள் என்றால் எங்கேயோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். எங்கே என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் நெட்வொர்க். ஏர்டெல் தன் 3ஜி சேவையை 2020-லேயே மூடிவிட்டது. ஜியோவில் 2ஜி, 3ஜி எப்போதுமே கிடையாது. 4ஜி இருந்தால் மட்டும் போதாது, 4ஜி வழியாகவே குரல் அழைப்பு பேச வைக்கும் வோல்ட்இ-யும் (VoLTE) இருக்க வேண்டும். அது இல்லாத போனில் ஜியோ சிம் போட்டுச் சாதாரண அழைப்பு பேச முடியாது. அப்பாவின் சிம்மைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டு, கடையிலிருந்தே உங்களுக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். "எல்லாம் வரும் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கை ஓஎஸ் (KaiOS) என்ற இயக்க மென்பொருள் வைத்த பட்டன் போன்களில் வாட்ஸ்அப்பைப் புதிதாக நிறுவும் வழி 2024 ஜூனோடு அடைபட்டது. ஆண்ட்ராய்டு என்றால் 5-ஆம் பதிப்புக்குக் கீழே ஓடாது. பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு 13-க்குக் குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும் என்பது கூகுளின் நிபந்தனை. "1 ஜிபி ராம், ஆண்ட்ராய்டு 13" என்று ஒரு பெட்டி சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

சரி, வாட்ஸ்அப் திறக்கிறது. அதில் ஒரு செய்தியைக் கீபேடில் அடித்துப் பாருங்கள். பட்டனை அழுத்தும்போதே திரையிலும் ஒரு கீபோர்டு எழும்பிப் பாதித் திரையை மூடுகிறதா? இரண்டரை அங்குலத் திரையில் இது பெரிய தொல்லை. செட்டிங்ஸில் அணைக்க முடிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். செயலிகள் எல்லாம் பெரிய திரைக்காகச் செய்யப்படுபவை. சின்னத் திரையில் 'அடுத்து' என்ற பொத்தான் ஓரத்துக்கு வெளியே போய்விடும். வங்கிச் செயலி வேண்டுமானால் அதையும் கடையிலேயே திறந்து பாருங்கள்.

திரையைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரையின் மூலை முடுக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் ஐகான் கையை விட்டு விழுகிறதோ, அந்த இடத்தில் திரைக்கு உணர்வு இல்லை. பிறகு பெட்டியில் வந்த சார்ஜரை மாட்டிவிட்டு அதையே இன்னொரு முறை செய்யுங்கள். மட்டமான சார்ஜர் போட்டால் தொடாத இடமெல்லாம் தொட்டதுபோல் திரை தானாக ஓடும். சார்ஜரைக் கழற்றினால் சரியாகிவிடும் என்பதால் கடையில் யாருக்கும் இது தெரிவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

பட்டன்களை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள், கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓரத்திலும் அழுத்தினால் இரண்டு இடத்திலும் 'டிக்' என்று ஒரே மாதிரி இறங்கி ஏற வேண்டும். கீழே குமிழ் வடிவத்தில் சின்ன உலோகத் தகடுகள் இருக்கின்றன. அவை சரியாக உட்காராவிட்டால் ஓரத்தில் அழுத்தம் ஏறாது. 5-ஆம் எண்ணில் மேடாக ஒரு புள்ளி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. அதைக்கூட விட்டுவிட்ட போன்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றுக்காகவே நான் வேண்டாம் என்று சொல்வேன்.

ஆஷா 303, ஆன்லைனில் 1,800 ரூபாய். 'புதியது போல' என்கிறார்கள். வாட்ஸ்அப் வருமா?
*கல்லூரி மாணவர், கோவில்பட்டி*

வராது. அந்த வகை நோக்கியா போன்களுக்கு 2018 டிசம்பர் 31-ஓடு வாட்ஸ்அப் நின்றுபோனது.

ஸ்லைடு போன் நல்லதா, நிலையான கீபேட் நல்லதா?
*வாசகர், கரூர்*

நிலையானது. ஸ்லைடு போனில் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இணைப்பது காகிதம் போன்ற ஒரு பிளெக்ஸ் கேபிள். திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது மடங்குகிறது. நான் வாங்கிய ஸ்லைடு போன் ஒரு வருடம் ஆகும் முன்பே வெள்ளைத் திரை காட்டியது. 'உபயோகித்ததால் வந்த சேதம், வாரண்டி கிடையாது' என்று சர்வீஸ் சென்டரில் கைவிரித்தார்கள். திறந்து மூடுவதற்கென்றே செய்த பொருளைத் திறந்து மூடியதற்கு என்னிடம் பணம் கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிளாக்பெர்ரி போல்டு 9900 மீது எனக்கு ரொம்ப நாள் ஆசை. டச்சும் உண்டு, கீபோர்டும் உண்டு. 4,500 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். நெட்டும் வரவில்லை, மெயிலும் வரவில்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை. என்ன செய்யலாம்?
*வாசகர், வேளச்சேரி*

வாங்குவதற்கு முன் அந்த மாடலின் பெயரைத் தேடிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். 2022 ஜனவரி 4 முதல் பழைய பிளாக்பெர்ரி போன்களுக்கான சேவைகளை நிறுவனமே நிறுத்திவிட்டது. இணையம், அழைப்பு, குறுஞ்செய்தி எதுவும் சரியாக வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். 4,500 ரூபாய் சின்னத் தொகை இல்லை. 'வேலை செய்கிறது' என்று விற்றவர் எழுத்தில் சொல்லியிருந்தால் அந்த உரையாடலைப் பத்திரப்படுத்தி, வாங்கிய தளத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது மட்டும்தான் என்றால் பணம் திரும்புவது கடினம்.

பஜார் கடையில் டச் அண்ட் டைப் போன், 3,600 ரூபாய். பில் கேட்டதற்கு "ஜிஎஸ்டி சேர்ந்தால் விலை கூடும்" என்றார்கள், விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் 4, 5, 6 வரிசை முழுக்க வேலை செய்யவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகையைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். தையல் வேலை செய்கிறேன். இது என் ஒரு வாரச் சம்பாத்தியத்துக்கும் மேல்.
*வாசகி, திண்டுக்கல்*

அம்மா, உங்கள் பக்கம் தவறு இல்லை. அந்தப் பலகையைப் பற்றி நான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன்.

பழுதான பொருள் விஷயத்தில் அந்தப் பலகைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2(47) பிரிவு, நேர்மையற்ற வணிக நடைமுறைகள் எவை என்று சொல்கிறது. விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது அதில் ஒன்று. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பது இன்னொன்று. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் என்று அந்தப் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் போனது மூன்றாவது வாரம். பில் தராததும் பழுதான போனை எடுக்க மறுத்ததும் ஆக, அந்தக் கடைக்காரர் ஒரே விற்பனையில் இரண்டு தவறு செய்திருக்கிறார்.

"ஜிஎஸ்டி சேர்ந்தால் விலை கூடும்" என்பது நம் ஊரில் பழகிப்போன பொய். பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கக்கூடாது. வாடிக்கையாளர் கையில் காகிதம் இருந்தால் நாளைக்குக் கேள்வி கேட்க வருவார். பில் கொடுக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் அடிபடுவது யார்? வாரக்கூலி வாங்குபவர்கள், கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருபவர்கள், கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சப்படுபவர்கள். லட்ச ரூபாய் போன் வாங்குபவரிடம் யாரும் இந்தப் பலகையைக் காட்டுவதில்லை. எனக்கு இதுதான் தாங்க முடிவதில்லை.

பில் இல்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். ஜிபேயிலோ கார்டிலோ கொடுத்திருந்தால் அந்தப் பதிவு சாட்சி. போனின் பெட்டி, அதில் உள்ள ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப், எல்லாம் உதவும். வேலை செய்யாத பட்டன்களை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடைக்கு ஒரு கடிதம் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். எளிய தமிழில் அரைப் பக்கம் போதும்: வாங்கிய தேதி, கொடுத்த பணம், என்ன பழுது, இத்தனை நாளில் பணம் திரும்ப வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள். கடிதம் போனதுமே பல கடைக்காரர்கள் இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. எங்காவது தடை வந்தால் மறுபடி எழுதுங்கள், அடுத்த கடிதத்தை எழுத நான் உதவுகிறேன்.

புதிதாக வாங்கிய கீபேட்-டச் போனில் தமிழ்ச் செய்தி எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. இந்த விலைக்கு இவ்வளவுதான் என்கிறார் கடைக்காரர்.
*வாசகர், சிதம்பரம்*

விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தியாவில் விற்கும் மொபைல் போன்களுக்கு ஐஎஸ் 16333 பகுதி 3 என்ற தரம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் பட்டன் போனும் அதற்கு உட்பட்டதுதான். அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் செய்தியைப் படிக்க முடிய வேண்டும், ஆங்கிலம், இந்தி, அதோடு இன்னொரு இந்திய மொழியில் எழுத முடிய வேண்டும் என்பது விதி. படிக்கவே முடியவில்லை என்றால் அது பழுது. மாற்றிக் கேளுங்கள்.

எழுதுவது தனிக் கதை. 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் எழுத்தின் இரண்டு பக்கமும் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். மலிவான சில போன்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வாங்கும்போதே உங்கள் ஊர்ப் பெயரை அடித்துப் பார்ப்பது நல்லது.

முகநூல் விளம்பரத்தில் 'கீபோர்டு, டச், 5ஜி, 999 ரூபாய் மட்டும்'. பணம் கட்டி வாங்கினேன். பொம்மைப் போன் வந்தது. போன முறையும் இப்படித்தான் வாட்ச் விஷயத்தில் ஏமாந்தேன், உங்களுக்கு எழுதியிருந்தேன்.
*வாசகர், ஆவடி*

நினைவிருக்கிறது. அப்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன்: விற்பவரின் முகவரியும் புகார் அதிகாரியின் பெயரும் இல்லாத தளத்தில் பணம் கட்டாதீர்கள். 999 ரூபாய்க்கு 5ஜி போன் இல்லை. உடனே 1930 எண்ணில் இணையக் குற்றப் புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். மூன்றாவது முறை எழுத வேண்டி வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய போன் வாங்கப் போகிறேன். திருட்டுப் போனா என்று எப்படித் தெரியும்?
*வாசகி, ஓசூர்*

*#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடைசெய்யப்பட்டது என்றோ போலி என்றோ பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கதை எழுதுகிறேன். பஸ்ஸிலும் எழுத வசதியாக இருக்கும் என்று முழுக் கீபோர்டு உள்ள மலிவான போன் தேடுகிறேன். 8,000 வரை செலவு செய்வேன்.
*வாசகர், காரைக்குடி*

அந்த விலையில் தமிழ் எழுதத் தோதான கீபோர்டு போன் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. சாதாரண ஆண்ட்ராய்டு போன் ஒன்றையும், மடக்கி வைக்கக்கூடிய சின்ன புளூடூத் கீபோர்டு ஒன்றையும் வாங்குங்கள். ஆனால் கடையிலேயே இரண்டையும் இணைத்துத் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். தமிழ் எழுத உதவும் சில செயலிகள் வெளிக் கீபோர்டை மாட்டியதும் ஆங்கிலத்தை மட்டும்தான் தரும். அப்படி ஆனால் செயலியை மாற்றிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். பில்லோடு.