வாசகர் கேள்வி-பதில்: பொதுப் பொருண்மையியலுக்கு எந்தத் துறையில் இடம்?

கேள்வி: மொழியியல் முதுகலையில் பொருண்மையியல் ஒரு பாடமாக உள்ளது. நூலகத்தில் தேடியபோது 'ஜெனரல் செமாண்டிக்ஸ்' பற்றிய பழைய நூல் ஒன்று கிடைத்தது. எங்கள் பாடத்திட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதுவும் பொருண்மையியலின் ஒரு பிரிவுதானா?
- ஒரு மாணவி, சிதம்பரம்

பதில்: இல்லை. பெயரில் உள்ள ஒற்றுமை பலரையும் ஏமாற்றியிருக்கிறது. மொழியியலார் பொருண்மையியல் என்று சொல்வது, சொல்லும் தொடரும் எப்படிப் பொருள் தருகின்றன, அப்பொருள் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று ஆராயும் துறை. அதற்கு அப்பெயரை 1883இல் இட்டவர் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரெயால். நீங்கள் கண்டெடுத்த நூல் பேசும் பொதுப் பொருண்மையியலோ, 1879இல் வார்சாவில் பிறந்து, பொறியியல் படித்து, முதல் உலகப்போரில் ரஷ்யப் படையில் பணிபுரிந்து காயமுற்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய ஆல்பிரட் கோர்சிப்ஸ்கியின் படைப்பு. பொறியாளர் கட்டும் பாலம் நிற்க, மனிதர் கட்டும் சமுதாய ஏற்பாடுகள் போரில் சரிவது ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் அவர் தொடங்கினார். ஒரு தலைமுறையின் அறிவை அடுத்த தலைமுறை கைக்கொண்டு வளர்ப்பதே மனிதருக்குரிய தனித்தன்மை என்று 1921இல் எழுதினார். அந்த ஆற்றலைக் கெடுப்பது சொல்லையே அது குறிக்கும் பொருளாகக் கொள்ளும் பழக்கம் என்பதை 1933இல் வெளிவந்த 'சயின்ஸ் அண்ட் சானிட்டி' என்ற பெருநூலில் விரித்தார்.

ஆகவே அவருடைய அக்கறை சொல்லின் பொருளைவிட, சொல்லைக் கேட்டவுடன் மனிதரின் நரம்பு மண்டலம் என்ன செய்கிறது என்பதிலேயே இருந்தது. இதை விளக்க அவர் ஒரு கருவியே செய்து, 1925இல் காப்புரிமையும் பெற்றார். மேலே துளைகள் நிறைந்த ஒரு பரவளையத் தகடு இருக்கும். அதன் மேல்விளிம்பு முறிந்ததுபோல் விடப்பட்டிருக்கும், ஏனெனில் அது குறிக்கும் நிகழ்வுக்கு, அதாவது ஓயாமல் மாறும் உலகுக்கு, முடிவான எல்லை இல்லை. அதற்குக் கீழே ஒரு வட்டம், நாம் காணும் பொருள். அதற்கும் கீழே, சொற்களைக் குறிக்கும் சீட்டுகள். மேலிருந்து கீழே நூல்கள் கட்டப்பட்டிருக்கும்; ஆனால் பல நூல்கள் எதிலும் கட்டப்படாமல் வெறுமனே தொங்கும். புலன்கள் விட்டுவிட்டவையும் சொற்கள் விட்டுவிட்டவையும் அந்தத் தொங்கும் நூல்களே. 1931 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் கணிதவியலார் கூடிய அவையில் அவர் முன்வைத்த 'வரைபடம் நிலப்பரப்பு அன்று' என்ற தொடர் பலருக்குத் தெரியும். என் கருத்தில், அத்தொடரைவிட அந்தத் தொங்கும் நூல்களே அவருடைய எண்ணத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன.

கேள்வி: அப்படியானால் இது மெய்யியலா, உளவியலா? பல்கலைக்கழகங்கள் இதை ஏன் ஒரு துறையாக ஏற்கவில்லை?
- ஓர் ஆசிரியர், மதுரை

பதில்: வழக்கமான பொருளில் இது மெய்யியலும் அன்று, உளவியலும் அன்று, அளவையியலும் அன்று என்று கோர்சிப்ஸ்கியே எழுதியிருக்கிறார். எல்லாத் துறைகளுக்கும் அடித்தளமாக விளங்கும் பயிற்சி என்று அவர் உரிமை கொண்டாடியதால், எந்தத் துறையும் அதைத் தன்னுடையதாக ஏற்க முன்வரவில்லை. மெய்யியலாளர் மாக்ஸ் பிளாக் அதன் தருக்கத்தைக் கடுமையாக ஆராய்ந்து குறை கண்டார்; அறிவியல் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அதைப் போலி அறிவியல்களின் வரிசையில் சேர்த்தார். 1938இல் சிகாகோவில் தொடங்கிய அதன் நிறுவனமும் பல்கலைக்கழகங்களுக்கு வெளியேதான் இயங்கியது. உள்ளே இடம் கிடைத்தது ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி வகுப்புகளிலும் பேச்சுத்துறைகளிலும்தான். இதை விளக்கி ஹயகாவா என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1941இல் எழுதிய எளிய நூல் பெருமளவில் படிக்கப்பட்டது. அவர் பின்னாளில் அமெரிக்க செனட் உறுப்பினரும் ஆனார்.

ஒரு துறைக்குள் நுழைந்தபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பதற்கு, கோர்சிப்ஸ்கியின் கருத்துகளைப் பேச்சுக் குறைபாட்டு ஆய்வில் கையாண்ட அயோவா பல்கலைக்கழகத்தின் வெண்டல் ஜான்சன் சான்று. சிறுவயதிலிருந்தே திக்குவாயால் துன்புற்ற அவர், குழந்தையின் இயல்பான தடுமாற்றத்துக்குப் பெற்றோர் 'திக்குவாய்' என்று பெயரிடுவதே அந்தக் குறையை உண்டாக்குகிறது என்று கருதினார். 1939இல் அவருடைய மேற்பார்வையில் ஒரு மாணவி, ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகள் 22 பேரிடம் ஆய்வு நடத்தினார். சரளமாகப் பேசிய சில குழந்தைகளிடமும் உங்களுக்குத் திக்குகிறது என்று சொல்லப்பட்டது. அவர்களில் சிலர் வாய் திறக்கவே அஞ்சி ஒடுங்கினர். 2001இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. திக்குவாய்க்கு மரபணுவும் மூளையின் இயக்கமும் காரணமாகின்றன என்பதே இன்றைய முடிவு. பெயரிடுவது குழந்தையைப் புண்படுத்தும் என்பது உண்மையாயிற்று. பெயர்தான் நோயை உண்டாக்குகிறது என்ற கொள்கை நிற்கவில்லை. பொதுப் பொருண்மையியலின் வலிமையையும் வரம்பையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது. அந்தக் குழந்தைகளை எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஆகவே இதை ஓர் அறிவியல் என்று கொள்ளாமல், வாசிப்பிலும் தீர்ப்பிலும் கவனம் பழக்கும் ஒரு பயிற்சி என்று கொள்வதே தகும். இந்தியாவில் வடோதராவில் இதற்கென ஒரு மையம் உள்ளது. பெவிகால் பசையால் நாடறிந்த தொழிலதிபர் பல்வந்த் பரேக்கின் முயற்சியால் 2009இல் தொடங்கியது.

கேள்வி: ஆங்கிலத்தில் 'இஸ்' என்ற வினையையே விலக்கி எழுதச் சொல்கிறார்களாமே? தமிழுக்கு இது பொருந்துமா?
- வாசகர், ஈரோடு

பதில்: அது கோர்சிப்ஸ்கியின் மாணவர் டேவிட் போர்லண்டு 1965இல் முன்வைத்த முறை. தமிழில் இத்தகைய தொடர்கள் பலவற்றில் விலக்குவதற்கு அந்த வினையே இல்லை. 'அவன் சோம்பேறி' என்பதில் இரண்டு பெயர்ச்சொற்கள் மட்டுமே நிற்கின்றன. ஆயினும் ஆள் முழுவதையும் ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். சிக்கல் வினைச்சொல்லில் இல்லை என்பதற்கு நம் மொழியே சாட்சி.

பொருந்துவது கோர்சிப்ஸ்கி சொன்ன வேறொரு முறை: ஒரே பெயருடையவை எல்லாம் ஒன்றல்ல, எதுவும் எப்போதும் அப்படியே இருப்பதில்லை என்று நினைவூட்ட, பெயருக்குப் பக்கத்தில் எண்ணும் ஆண்டும் இடுவது. 'என் பையனுக்குக் கணக்கு வராது' என்கிறார் ஒரு தாய். எந்தக் கணக்கு, எப்போது என்று கேட்டால், எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் இயற்கணிதப் பகுதியில் மதிப்பெண் குறைந்தது என்று தெரியவரும். வடிவியலில் அவன் நன்றாகவே எழுதியிருப்பான். தாயின் முதல் வாக்கியத்துக்கு மருந்து கிடையாது, இரண்டாவதற்கு ஒரு மாத உழைப்பு போதும். படிக்க விரும்பினால் ஹயகாவாவிலிருந்து தொடங்குங்கள். பெருநூலை எடுத்தால், அந்தத் துளைத்தகட்டுக் கருவியைப் பற்றிய அதிகாரத்தை முதலில் படித்துவிட்டுப் பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்.