அவரைக் கொழுந்தில் கருப்பாக அப்பும் அசுவினி: தெளிப்பதற்கு முன் எறும்பைத் தடுங்கள்

கேள்வி: மாடியில் இரண்டு பைகளில் அவரை வைத்துப் பந்தல் போட்டிருக்கிறேன். ஆடியில் விதைத்தது. கார்த்திகையில் பூக்க ஆரம்பித்ததும் கொழுந்து, பூங்கொத்து, பிஞ்சு எல்லாவற்றிலும் கருப்பாகப் பூச்சி அப்பிவிட்டது. எறும்பும் ஏராளம். இரண்டு முறை வேப்பெண்ணெய் தெளித்தேன். பூச்சி குறையவில்லை, சில இலைகள்தான் கருகின. முதலைக்குட்டி போல ஒரு புழுவும் ஊர்கிறது, பார்க்கும்போதெல்லாம் நசுக்கிவிடுகிறேன். வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். பக்கத்துத் தொட்டிகளில் உள்ள மிளகாய்க்கும் கத்தரிக்கும் இது பரவுமா? ரசாயனம் இல்லாமல் என்ன செய்யலாம்? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அந்த முதலைக்குட்டிப் புழுவை இன்றிலிருந்து நசுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம். அது பொறிவண்டின் புழு. உங்கள் அவரையில் இருப்பது அசுவினி, ஊர்ப்பக்கம் அசுகுணி, செடிப்பேன் என்பார்கள். அந்த அசுவினியைத் தின்னத்தான் அந்தப் புழு அங்கே வந்திருக்கிறது. வளர்ந்த வண்டைவிடப் புழுதான் பெருந்தீனிக்காரன். வண்டு அழகாக இருப்பதால் அதை விட்டுவிட்டு, பார்க்கப் பயமாக இருக்கும் அதன் பிள்ளையைக் கொன்றுவிடுகிறோம். மாடித்தோட்டத்தில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. இலையில் தலைமுடி போன்ற மெல்லிய காம்பின் நுனியில் வெள்ளையாக முட்டை நின்றாலும் தொடாதீர்கள், அது கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் உப்பி, பழுப்பு நிறத்தில், அசையாமல் இருக்கிறதா? அவற்றுக்குள் மிகச் சிறிய ஒரு குளவியின் புழு வளர்கிறது. அந்த இலையைக் கிள்ளிப் போடாமல் செடியிலேயே விடுங்கள்.

சரி, மூன்று எதிரிகள் இருந்தும் அசுவினி ஏன் குறையவில்லை? எறும்பால்தான். அசுவினி செடியின் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பைக் கழிவாக வெளியேற்றும். இலை பிசுபிசுவென்று ஒட்டுவதும், பிறகு அதன்மேல் கரும்பூசணம் படர்வதும் அந்தக் கழிவினால்தான். எறும்பு அதைக் குடிக்க வருகிறது. குடிப்பதோடு நிற்பதில்லை, பொறிவண்டும் குளவியும் நெருங்கினால் கடித்துத் துரத்துகிறது. மாடு வைத்திருப்பவர் கொட்டகைக்குக் காவல் இருப்பது போலத்தான். ஆகவே தெளிப்பான் அப்படியே இருக்கட்டும், முதல் வேலை எறும்பின் பாதையை அடைப்பது.

பந்தல் கால் ஒவ்வொன்றிலும் ஒரு சாண் உயரத்தில் துணி சுற்றி, அதன்மேல் விளக்கெண்ணெயோ கிரீஸோ தடவுங்கள். கொடியின் தண்டில் நேரடியாகத் தடவக் கூடாது. பைகளைச் செங்கல் மேல் ஏற்றி, செங்கலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். கொசு முட்டையிடாமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைக் கழுவித் தண்ணீரை மாற்ற வேண்டும். பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: பந்தல் கயிற்றின் ஒரு முனை சுவரிலோ தண்ணீர்த் தொட்டிக் குழாயிலோ கட்டியிருக்கும், அல்லது ஒரு கொடி கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். பந்தல் கால்களில் தடுப்பு வைத்தும் எறும்பு குறையவில்லை என்றால் அந்தப் பாலத்தைத் தேடுங்கள்.

அடுத்து தண்ணீர். காலையில் குழாயைப் பிடித்து, கொழுந்தின் அடிப்பக்கத்தில் படும்படி நன்றாகப் பீய்ச்சி அடியுங்கள். அசுவினி தன் ஊசி வாயைச் செடிக்குள் செருகி வைத்திருப்பதால், பிய்ந்து விழுந்தவற்றில் மிகச் சிலதான் திரும்ப மேலே ஏறும். ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கைந்து முறை செய்யுங்கள். பூங்கொத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து விரலால் தடவிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பூ உதிர்ந்துவிடும். முழுக்க அப்பிக் கிடக்கும் நுனிகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுவதே மேல். கிள்ளிய இடத்தில் பக்கக்கிளை வரும், நஷ்டமில்லை.

இப்போது உங்கள் வேப்பெண்ணெய். அதன்மேல் பழி இல்லை, கலந்த விதத்தில்தான் கோளாறு இருக்கும் என்று நினைக்கிறேன். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். தெளிப்பானின் உறிஞ்சுகுழாயோ அடிவரை போகிறது. முதலில் வெறும் தண்ணீர் வரும், கடைசிச் செடிக்குக் கிட்டத்தட்ட சுத்த எண்ணெய் போகும். பூச்சி சாகாததற்கும் இலை கருகியதற்கும் இந்த ஒரே காரணம் போதும். இன்னொன்று, உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால், எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கச் சேர்க்கும் சோப்பு, உப்பு அதிகமுள்ள தண்ணீரில் நுரைக்காமல் திரிந்துபோகும், எண்ணெயைப் பிடித்து வைக்கும் சக்தியும் போய்விடும். மழைத்தண்ணீர் அல்லது வடிகட்டிய குடிநீரில் கலந்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கலக்கும் முறை இதுதான். காதி சோப்பைச் சீவி, இரண்டு கிராம் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கவும். அதில் 5 மி.லி. வேப்பெண்ணெய் ஊற்றி, மூடி, பால் போல வெளுக்கும்வரை குலுக்கவும். பிறகுதான் 1 லிட்டர் தண்ணீரில் சேர்க்க வேண்டும். சற்று நேரத்தில் மேலே எண்ணெய்ப் படலம் தெரிந்தால் கலவை சரியாக வரவில்லை, தெளிக்காதீர்கள். முதலில் இரண்டு இலையில் அடித்து ஒருநாள் பாருங்கள். மாலையில், வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வேம்பின் சத்து வெயிலில் சிதைந்துவிடும், தேனீக்களும் மாலையில் கூடு திரும்பியிருக்கும். கலந்ததை அன்றே முடித்துவிட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தை சோப்புக்குப் பதிலாக ஊற்றாதீர்கள், அது இளந்தளிரைச் சுட்டுவிடும்.

எண்ணெயைவிட எனக்குப் பிடித்தது வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். இலை கருகும் பயம் குறைவு. எதைத் தெளித்தாலும் மறுநாளே பூச்சி உதிர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேம்பு அசுவினியின் பசியைக் கெடுக்கிறது, தோல் உரித்து வளர்வதைத் தடுக்கிறது, அதற்குச் சில நாள் ஆகும். அசுவினி பெருகும் வேகமும் அப்படிப்பட்டது. ஆண் இல்லாமலே பெண் குட்டி போடும், பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறையின் கரு இருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் அதுவும் குட்டி போட ஆரம்பிக்கும். அதனால் வாரம் ஒருமுறை என்று மூன்று முறை தெளிக்க வேண்டியிருக்கும். பொறிவண்டுப் புழு நிறைய இருக்கும் கிளையைத் தெளிக்காமல் விட்டுவிடுங்கள்.

சாம்பல் தூவலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக. மார்கழிப் பனியில் அவரை இலை நனைந்திருக்கும் விடியற்காலையில் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுவது நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததுதான், ஆரம்பத்திலேயே செய்தால் பலன் உண்டு. விறகுச் சாம்பலாக மட்டும் இருக்கட்டும், குப்பை எரித்த சாம்பல் வேண்டாம். புகையிலைக் கரைசலை மட்டும் வீட்டுத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். இயற்கைப் பொருள் என்பதற்காக அது பாதுகாப்பானது ஆகிவிடாது. நிகோடின் மனிதர்களுக்கும் கொடிய நஞ்சு, புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் மிளகாய், தக்காளிக்கும் தொற்றும்.

பிண்ணாக்கை இப்போதைக்கு நிறுத்துங்கள். அவரை தன் வேர்முடிச்சுகளில் தழைச்சத்தைத் தானே சேர்க்கும் செடி. அதற்கு வாராவாரம் கடலைப் பிண்ணாக்கு ஊற்றினால் கொழுந்து கொழகொழவென்று இளசாகவே நிற்கும், சாறு உறிஞ்ச அசுவினிக்கு அதைவிட வசதி வேறில்லை. மாதம் ஒருமுறை தொழுவுரமோ மண்புழு உரமோ போதும்.

மிளகாய், கத்தரி பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கருப்பு அசுவினி பெரும்பாலும் அவரை, தட்டைப்பயறு போன்ற பயறுவகைச் செடிகளில்தான் குடியிருக்கும். மிளகாயிலும் கத்தரியிலும் வருவது பெரும்பாலும் பச்சை, மஞ்சள் நிற அசுவினிகள். வைத்தியம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆனால் ஏதாவது ஒரு செடியில் இலை திட்டுத்திட்டாக வெளிறி, சுருண்டு, வளர்ச்சி நின்றிருந்தால் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியை அன்றே வேரோடு எடுத்துவிடுங்கள்.

பிஞ்சுகளைப் பறித்துவிட்டுத் தெளியுங்கள். அசுவினி ஒட்டியிருந்த காயை மஞ்சள்தூளும் உப்பும் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டு முறை அலசினால் பொரியலுக்கு ஆகும், தூக்கிப் போட வேண்டாம்.