இத்தாலிக்குப் போகிறவர்களுக்கு: முத்திரை, தாலிச் சங்கிலி, மூடிய தெரு (வாசகர் கேள்வி பதில்)

இத்தாலிப் பயணம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால், அவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று பத்து நாள் பயணம். ரயில் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். டிக்கெட் வாங்கியவருக்கு எதற்கு அபராதம்?
– வாசகர், கோயம்புத்தூர்

இத்தாலியில் ரயில்கள் இரண்டு வகை. ‘ஃப்ரெச்சா’, ‘இத்தாலோ’ போன்ற வேக ரயில்களின் டிக்கெட்டில் ரயில் எண், பெட்டி, இருக்கை எல்லாம் இருக்கும். போனில் டிக்கெட் இருந்தால் போதும், ஏறி உட்காரலாம். அபராதம் விழுவது ‘ரெஜியோனாலே’ என்கிற உள்ளூர் ரயில்களில்தான். அந்தக் காகித டிக்கெட்டில் இருக்கையும் இல்லை, இன்ன நேர ரயில் என்றும் இல்லை. ஏறுவதற்கு முன்னால் நீங்களே அதில் தேதி, நேர முத்திரை குத்த வேண்டும். முத்திரை விழாவிட்டால் அதே டிக்கெட்டை இன்னொரு ரயிலிலும் பயன்படுத்திவிடலாம் அல்லவா? அதனால்தான் முத்திரை இல்லாத டிக்கெட்டை டிக்கெட்டாகவே அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

பிளாட்பாரத்துக்குப் போகும் வழியில் சுவரிலோ தூணிலோ ஒரு சின்னப் பெட்டி இருக்கும். டிக்கெட்டின் முனையை அதற்குள் நுழைத்தால் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் கேட்டதும் நகர்ந்துவிடாதீர்கள். டிக்கெட்டை எடுத்துத் தேதியும் நேரமும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். மை தீர்ந்துபோன பெட்டிகளும் உண்டு. பதியாவிட்டால் அடுத்த பெட்டிக்குப் போங்கள். எதுவுமே வேலை செய்யவில்லை என்றால் ஏறியவுடன் நீங்களே பரிசோதகரைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் இருக்கைக்கு வரும்வரை காத்திருந்தால் பேச்சு எடுபடாது. முத்திரை விழுந்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் பயணத்தை முடிக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கும் உள்ளூர் ரயில் டிக்கெட்டுக்கு முத்திரைக்குப் பதில் ‘செக்-இன்’ உண்டு. இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் தவறுகிறார்கள். பணம் கட்டி, டிக்கெட் மின்னஞ்சலில் வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ரயில் புறப்படுவதற்கு முன்னால் அந்த டிக்கெட்டில் உள்ள இணைப்பைத் திறந்து செக்-இன் செய்தால்தான் அது செல்லும். நான்கு பேர் என்றால் நான்கு பேருக்கும் செய்ய வேண்டும். ஸ்டேஷனில் நெட் கிடைக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

ரோம் விமான நிலையமான ஃபியூமிச்சினோவிலிருந்து நகரத்துக்கு வரும் ‘லியோனார்தோ எக்ஸ்பிரஸ்’ காகித டிக்கெட்டுக்கும் முத்திரை வேண்டும். அது 14 யூரோ, 32 நிமிடத்தில் ரோமின் முக்கிய ஸ்டேஷனான தெர்மினி. அதே விமான நிலையத்திலிருந்து 8 யூரோவுக்கு எஃப்.எல்.1 என்ற உள்ளூர் ரயிலும் ஓடுகிறது. ஆனால் அது தெர்மினி போகாது. திராஸ்தேவரே, ஓஸ்தியன்ஸே, திபூர்தினா வழியாகப் போய்விடும். தங்குமிடம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அறிவிப்புப் பலகையில் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள், ரயில் எண்ணைத் தேடுங்கள். ரோமிலிருந்து ஃபிளாரன்ஸ் போகும் ரயிலுக்குப் பலகையில் ‘மிலானோ’ என்றோ ‘வெனெத்சியா’ என்றோ கடைசி ஊர்ப் பெயர்தான் இருக்கும். ‘பினாரியோ’ என்றால் பிளாட்பாரம். அந்த எண் புறப்படுவதற்குச் சற்று முன்னால்தான் வரும். ‘ரித்தார்தோ’ என்றால் தாமதம், பக்கத்தில் இருக்கும் எண் நிமிடக் கணக்கு. தெர்மினியில் 1-ஆம் பிளாட்பாரம் வேறு, ‘1 எஸ்த்’ வேறு. ‘எஸ்த்’ என்று போட்டிருந்தால் பெட்டிகளோடு நல்ல தூரம் நடக்க வேண்டியிருக்கும், கால் மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். வெனிஸில் தீவுக்குள் இருப்பது சாந்தா லூசியா ஸ்டேஷன். அதற்கு முந்தைய மெஸ்த்ரே தரைப்பகுதியில் இருக்கிறது. அறை எங்கே என்று தெரியாமல் மெஸ்த்ரேயில் இறங்கிவிட்டுத் தண்ணீரைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கேள்வி: தாலிச் சங்கிலியைக் கழற்ற மனசில்லை. பிக்பாக்கெட் பயம் அவ்வளவு உண்மையா? எந்த இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகி, மதுரை

பயம் உண்மைதான் அம்மா, ஆனால் அளவோடு. இத்தாலியில் வெளியூர்க்காரர்களைக் கத்தியைக் காட்டி மிரட்டுவதெல்லாம் அபூர்வம். கூட்டத்தில் கைப்பையைத் திறப்பதும், கவனத்தைத் திருப்பி எடுப்பதும்தான் அன்றாடம் நடப்பது. ஸ்கூட்டரில் வந்து பையைப் பறிப்பதும் சில ஊர்களில் உண்டு. அதற்கு ‘ஷிப்போ’ என்று தனிப் பெயரே இருக்கிறது.

கெட்டியான தங்கச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து ஆடைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மனசுக்கும் நிறைவு, வெளியிலும் தெரியாது. வளையலும் கனமான தோடும் வேண்டாம். பறிக்கும்போது போவது நகை மட்டுமல்ல, காதும் கழுத்தும் காயப்படும். நடைபாதையில் சுவர் ஓரமாக நடங்கள், பையைச் சாலைப் பக்கம் இல்லாத தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

ரோமில் தெர்மினி ஸ்டேஷன், மெட்ரோவின் ஏ லைன், தெர்மினியிலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ் ஆகியவற்றில் கவனமாக இருக்க வேண்டும். மெட்ரோவில் நடப்பது இப்படித்தான். நீங்கள் ஏறும்போது உங்களுக்கு முன்னால் ஏறியவர் வாசலிலேயே திடீரென்று நின்றுவிடுவார், எதையோ மறந்துவிட்டவர் போல. பின்னால் இருப்பவர்கள் உங்களை நெருக்குவார்கள். உங்கள் கண் முன்னால் நிற்பவர் மேல் இருக்கும், பையின் ஜிப் பின்னால் திறந்துகொண்டிருக்கும். கதவு மூடுகிற நொடியில் எடுத்தவர் வெளியே இறங்கிவிடுவார், நீங்கள் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். வாசலில் யாராவது அப்படி நின்றால் ஏறாதீர்கள், பின்வாங்குங்கள். அடுத்த மெட்ரோ சில நிமிடத்தில் வந்துவிடும்.

காபிக் கடை மேஜையில் போனை வைக்காதீர்கள். ஒருவர் வரைபடத்தையோ கையெழுத்து வாங்கும் தாளையோ மேஜைமேல் விரித்து ஏதோ கேட்பார். தாளோடு சேர்த்து போனும் போய்விடும். ஸ்டேஷன் டிக்கெட் மெஷின் பக்கத்தில் வலிய வந்து உதவுபவரிடம் ‘நோ’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுங்கள். முகம் முறிக்கக் கூடாதே என்ற நம் தயக்கத்தைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்தில் வைத்து, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் விட்டு ஊர் போகும் நாளில் மட்டும் அசல், ஆடைக்குள் அணியும் பையில். தொலைந்துவிட்டால் முதல் வேலை, கராபினியேரி (அங்கே இன்னொரு போலீஸ் படை) அல்லது போலீஸ் நிலையத்தில் ‘தெனுன்சியா’ என்ற புகார்ப் பத்திரம் எழுதி வாங்குவது. பெரிய ஸ்டேஷன்களில் ரயில்வே போலீஸ் அலுவலகமே இருக்கும். அந்தத் தாள் இல்லாமல் காப்பீடும் நகராது, தூதரகத்திலும் வேலை நடக்காது. இந்தியத் தூதரகம் ரோமில், துணைத் தூதரகம் மிலானில். அவசர உதவிக்கு எங்கிருந்தும் 112.

கேள்வி: நாங்கள் போகும் வாரத்தில் ரயில் வேலைநிறுத்தமாம். எல்லாவற்றையும் ரத்து செய்ய வேண்டுமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். ‘ஷொப்பெரோ’ என்கிற வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், ஆனால் சொல்லிவிட்டுத்தான் வரும். 1990-இல் வந்த 146-ஆம் எண் சட்டப்படி குறைந்தது 10 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில் சேவை கட்டாயம் உண்டு. வேலைநிறுத்தத்தன்றும் ஓடும் நீண்டதூர ரயில்களுக்கும் தனிப் பட்டியல் வெளியாகும். வேலைநிறுத்தம் பெரும்பாலும் முந்தைய நாள் இரவு 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் இரவு 9 வரை நீடிக்கும். உங்கள் பயணத்தைக் காலை 6 மணி ரயிலுக்கு மாற்றிக்கொண்டாலே பெரும்பாலும் தப்பிக்கலாம்.

பஸ் அட்டவணையில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ‘ஃபெரியாலே’ என்றால் விடுமுறை நாள் என்று தோன்றும். உண்மையில் அது திங்கள் முதல் சனி வரை, வேலை நாள். ‘ஃபெஸ்தீவோ’தான் ஞாயிறும் பண்டிகையும். ஃபிளாரன்ஸ் இருக்கும் தஸ்கனி மாநிலத்தின் சின்ன ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸே இல்லாமல் போய்விடும். ஆகஸ்ட் 15-ஆம் தேதியும் அங்கே பண்டிகை நாள், அன்றும் அப்படித்தான்.

கேள்வி: ஐந்து பேர், தஸ்கனியில் நான்கு நாள் கார் எடுத்து ஓட்டலாம் என்று நினைக்கிறோம். என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அங்கே போன பிறகு வாங்க வழியில்லை.

பெரிய ஆபத்து இஸட்.டி.எல். (ZTL) என்கிற போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. ஃபிளாரன்ஸ், சியேனா, பீசா போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். சிவப்பு வட்டம், உள்ளே வெள்ளை, பக்கத்தில் கேமரா. தடுப்பு எதுவும் இருக்காது, போலீஸும் நிறுத்த மாட்டார்கள். கூகுள் மேப்பும் சில நேரம் உள்ளே இழுத்துச் சென்றுவிடும். நுழைவாயிலில் மின்பலகை இருந்தால் அதில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரியும். இதை ‘வழி திறந்திருக்கிறது’ என்று நினைத்துப் போனவர்கள் ஏராளம். பொருள் நேர் எதிர். கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்பதுதான் அது. ‘நோன் அத்தீவோ’ என்றிருந்தால்தான் போகலாம்.

தவறி நுழைந்தால் அபராதம்தான். வாடகை நிறுவனம் உங்கள் விலாசத்தைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கென்று தனியாக ஒரு தொகையைக் கார்டில் எடுத்துக்கொள்ளும். அது அபராதம் அல்ல, அபராதம் பல மாதம் கழித்துத் தபாலில் வீடு தேடி வரும். ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால், வண்டி எண்ணை முன்கூட்டியே அவர்களிடம் கொடுத்து, பதிவு செய்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே நுழையுங்கள். இல்லையென்றால் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதுதான் நிம்மதி.

பார்க்கிங்கில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் பிறருக்கு ஒதுக்கியது. வெள்ளைக் கோட்டிலும் பக்கத்துப் பலகையில் நேர வரம்பு இருக்கலாம், படித்துவிடுங்கள்.

நெடுஞ்சாலை டோலில் மஞ்சள் பட்டை ‘டெலிபாஸ்’ என்ற தானியங்கிக் கட்டணக் கருவி உள்ளவர்களுக்கு மட்டும், அதில் போகாதீர்கள். பணம் கொடுக்க வெள்ளை, கார்டுக்கு நீலம். நுழையும்போது எடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். தொலைத்தால் அந்தச் சாலையின் மிகத் தொலைவான வாயிலிலிருந்து வந்ததாகக் கணக்கிடுவார்கள். நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110.

பெட்ரோல் பங்கில் ‘கஸோலியோ’ என்று இருப்பது டீசல். பெயரைக் கேட்டால் பெட்ரோல் மாதிரி இருக்கும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம். பெட்ரோலுக்கு ‘பென்ஸீனா’. தவறிப் போட்டுவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வாடகை நிறுவனத்தை அழையுங்கள். ஸ்டார்ட் செய்தால் டேங்கைக் காலி செய்வதோடு முடிய வேண்டிய செலவு எஞ்சின்வரை போய்விடும்.

கேள்வி: விமான நிலையத்தில் டாக்ஸிக்காரர்கள் ஏமாற்றுவார்களா?
– வாசகி, சென்னை

வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து ‘டாக்ஸி, டாக்ஸி’ என்பவருடன் போகாதீர்கள். வெளியே வரிசையில் நிற்கும் வெள்ளை வண்டிகள்தான் உரிமம் பெற்றவை. ஃபியூமிச்சினோவிலிருந்து ரோமின் பழைய ஔரேலிய மதிலுக்குள் நிலையான கட்டணம் 55 யூரோ. அது ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. பெட்டிகளுக்கு எதுவும் கூட்டக் கூடாது. ஏறுவதற்கு முன்னால் தொகையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா பலெர்மோவில இருக்கிறா. ரோமுக்கு வந்து, அங்கயிருந்து ரயிலில போகலாமோ? அம்மாவுக்கு எழுபது வயசு.
– வாசகி, யாழ்ப்பாணம்

தாராளமாகப் போகலாம். ரோமிலிருந்து சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்கு இரவு ரயில் உண்டு, ஏறத்தாழ 12 மணி நேரம். வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெட்டிகளோடு அப்படியே கப்பலுக்குள் தள்ளி, மெசினா நீரிணையைக் கடக்க வைப்பார்கள். அப்போது மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்க்கலாம். ஆனால் இறங்கும்போது உங்கள் பெட்டி எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி தெரியும். பணமும் பாஸ்போர்ட்டும் உங்களோடு வரட்டும். சில ரயில்களில் மெசினாவில் ஒரு பகுதி பலெர்மோவுக்கும் மறுபகுதி சிராகூசாவுக்கும் பிரியும். அதனால் டிக்கெட்டில் உள்ள பெட்டியிலேயே ஏறுங்கள். தூங்கும்போது அறைக் கதவை உள்ளே தாழிடுங்கள்.

அம்மாவுக்கு ரயில் படி ஏறச் சிரமம் இருந்தால் ‘சாலா புளூ’ என்ற இலவச உதவி உண்டு. முன்கூட்டியே பதிவு செய்தால் சக்கர நாற்காலியும், ஏற்றிவிட ஆளும் வருவார்கள். கீழ்ப் படுக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பலெர்மோவில் நம் மக்கள் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோயிலுக்குப் போவது வழக்கம், அக்காவும் கூட்டிப்போவா. அது பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கிறது. 812-ஆம் எண் பஸ் வாசல்வரை போகும், ஆனால் அடிக்கடி கிடையாது. மேலே இறங்கியதும் திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். டிக்கெட்டைக் கீழேயே ‘தபாக்கி’ என்ற புகையிலைக் கடையில் போக வர இரண்டுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள், ஏறியவுடன் பஸ்ஸுக்குள் இருக்கும் பெட்டியில் முத்திரை குத்துங்கள். அம்மாவுடையதையும் மறக்காமல்.