'நட்பு என்றால் என்ன?' என்று கேட்டால் பிள்ளைகள் வாய் திறக்காதது ஏன்?

வகுப்பில் பிள்ளைகளோடு தத்துவ உரையாடல் நடத்தத் தொடங்கி மூன்று வாரமாகியும் யாரும் பேசவில்லை, நேரம் வீணாகிறதோ என்று கேட்கிறீர்கள். நேரம் வீணாகவில்லை, கேள்வியை மாற்றுங்கள். 'நட்பு என்றால் என்ன?' என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பரீட்சைக் கேள்வி மாதிரிதான் கேட்கும். சரியான விடை உங்களிடம் இருக்கிறது என்று நினைத்துத்தான் மூன்று வாரமாக உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள்.

சிக்கலான ஒரு நிலைமையைக் கொடுங்கள்: 'உன் நண்பன் பொய் சொன்னது உனக்கு மட்டும் தெரியும். நீ பேசாமல் இருந்தால் நீயும் பொய் சொன்னதாகுமா?' இதற்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, சண்டையே வரும். வரட்டும். 'ஏன் அப்படி நினைக்கிறாய்?', 'இதை மறுப்பவர் யார்?' என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு சோதனை: பத்து நிமிடம் யாருக்குப் பின் யார் பேசினார்கள் என்று குறித்துப் பாருங்கள். ஒன்று விட்டு ஒன்று உங்கள் பெயரே வந்தால் காரணம் அதுதான். அப்புறம், அந்த 'வெரி குட்' வேண்டாம். ஒரு பிள்ளையைப் பாராட்டியதும் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். (எனக்கே இந்தப் பழக்கம் விட நாளானது.)

தலைமை ஆசிரியர் கேட்கிறார் என்பதற்காக மதிப்பெண் கூடும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இத்தகைய தத்துவ உரையாடல் வகுப்புகளைப் பற்றி இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் இரண்டு மாத முன்னேற்றம் தெரிந்தது. 2021இல் வெளியான பெரிய ஆய்விலோ வாசிப்பில் பலன் தெரியவில்லை. ஆனால் பிள்ளைகள் காரணம் சொல்லிப் பேசுவதும் அடுத்தவர் பேச்சைக் கேட்டுக் கருத்தை மாற்றிக்கொள்வதும் வகுப்பிலேயே கண்ணுக்குத் தெரியும். அதைக் காட்டுங்கள்.