ஒரே கேரியரா, ஆயிரம் கேரியரா?

கேள்வி: 4ஜி-யில் டவரிலிருந்து போனுக்கு ஓஎஃப்டிஎம்ஏ (டேட்டாவைப் பல கேரியர்களில் பங்கிடும் ஓஎஃப்டிஎம் வகை), போனிலிருந்து டவருக்கு எஸ்சி-எஃப்டிஎம்ஏ (ஒற்றைக் கேரியர் வகை). ஒரே நெட்வொர்க்கில் ஏன் இரண்டு முறை?
– எலெக்ட்ரானிக்ஸ் மாணவி, கோவை

கஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் விஷயம். ஒரே கேரியரில், அதாவது டேட்டாவைச் சுமக்கும் ஒரே அலையில், நொடிக்கு 2 கோடி சிம்பல் (சில பிட்டுகளைச் சுமக்கும் அலைத்துண்டு) அனுப்பினால், ஒரு சிம்பலுக்குக் கிடைப்பது 50 நானோ செகண்ட். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி 4 மைக்ரோ செகண்ட் பிந்தி வந்தால், அந்தச் சிம்பல் அடுத்த 80 சிம்பல்கள் மீது ஏறி உட்காரும். அதைப் பிரிக்க ஈக்வலைசரில் (எதிரொலிக் கலப்பை நீக்கும் ஃபில்டர்) கிட்டத்தட்ட அத்தனை டேப், அதாவது பெருக்கல் எண்கள், வேண்டும். பஸ்ஸில் போகிறவருக்கு அவற்றை விடாமல் திருத்திக்கொண்டும் இருக்க வேண்டும்.

20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) டவுன்லிங்க், அதாவது டவரிலிருந்து போனுக்கு வரும் பாதை, அதே டேட்டாவை 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள 1,200 சப்கேரியர்களுக்குப் பங்கிடுகிறது. சிம்பல் 66.7 மைக்ரோ செகண்டாக நீள்கிறது. அதன் வாலிலிருந்து சுமார் 4.7 மைக்ரோ செகண்டை நகலெடுத்துத் தலையில் ஒட்டுகிறார்கள். இதுதான் சைக்ளிக் ப்ரிஃபிக்ஸ். எதிரொலியின் பாதை வித்தியாசம் 1.4 கிலோமீட்டருக்குள் அடங்கினால் போதும், ஒவ்வொரு சப்கேரியருக்கும் ஒரே ஒரு வகுத்தலில் ஈக்வலைசர் வேலை முடிந்தது.

இதற்குக் கூலி ஆம்பிளிஃபயரில் கழிகிறது. அத்தனை அலைகளும் ஒரே கணத்தில் கூடினால், உச்ச பவர் சராசரியைப்போல் பத்து மடங்குக்கு, அதாவது 10 டெசிபலுக்கு, மேல் போகும். அந்த உச்சத்துக்கு இடம் விட்டு ஆம்பிளிஃபயரை அடக்கி ஓட்ட வேண்டும். டவர் தாங்கும், போன் பேட்டரி தாங்காது. அதனால் அப்லிங்கில் (போனிலிருந்து டவருக்கு) சிம்பல்களை முதலில் டிஎஃப்டி (அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) வழியாகச் செலுத்தி, அடுத்தடுத்த சப்கேரியர்களில் வைக்கிறார்கள். வெளியே வரும் அலை ஒற்றைக் கேரியர்போல் நடந்துகொள்ளும்; உச்சம் 2–3 டெசிபல் குறையும். டிஎஃப்டியை எளிதாக்க, ரிசோர்ஸ் பிளாக் (போனுக்கு ஒதுக்கும் சப்கேரியர் கட்டு) எண்ணிக்கைக்கு 2, 3, 5 மட்டுமே காரணிகளாக இருக்கலாம். போனுக்கு 7 பிளாக் கிடைக்கவே கிடைக்காது!

கேள்வி: சிமுலேஷனில் ஃபேடிங் சேனல் (சில அதிர்வெண்களில் சிக்னல் மங்கும் பாதை) வைத்தால், ஓஎஃப்டிஎம்-ஐவிட ஒற்றைக் கேரியர் குறைந்த பிழை காட்டுகிறது. புரோகிராமில் தவறா?
– முதுநிலை மாணவர், திருச்சி

பெரும்பாலும் இல்லை. எரர் கரெக்‌ஷன் கோடு (பிழையைத் திருத்த உதவும் கூடுதல் பிட்டுகள்) சேர்த்திருக்க மாட்டீர்கள். சேனலில் பள்ளம் விழுந்த இடத்திலுள்ள சப்கேரியர் அப்படியே போய்விடும். அதிலிருந்த பிட்டுக்கு வேறு இடத்தில் பிரதி இல்லை. ஒற்றைக் கேரியரில் ஒவ்வொரு சிம்பலும் முழு அலைவரிசையிலும் பரவியிருப்பதால் ஒரு பள்ளம் அதைக் கொல்லாது. கன்வல்யூஷனல் கோடும் (அப்படிப்பட்ட ஒரு கோடு) இன்டர்லீவரும் (பிட்டுகளை இடம் மாற்றிக் கலைப்பது) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், படம் மாறும். ஒற்றைக் கேரியருக்கு இரைச்சலையும் கணக்கில் எடுக்கும் எம்எம்எஸ்இ ஈக்வலைசர் வையுங்கள். சேனலை அப்படியே தலைகீழாக்கும் ஜீரோ ஃபோர்சிங், பள்ளத்தில் இரைச்சலைத்தான் பெருக்கும். கோடு இல்லாத ஓஎஃப்டிஎம்-ஐ நிஜத்தில் யாரும் விற்பதில்லை என்பதால், அந்த ஒப்பீட்டுக்கே பெரிய மதிப்பில்லை.

கேள்வி: எஸ்டிஆர் (சாஃப்ட்வேரால் இயங்கும் ரேடியோ) போர்டில் ஒற்றைக் கேரியர் க்யூபிஎஸ்கே (அலையின் நான்கு கட்டநிலைகளில் பிட் அனுப்பும் முறை) சுத்தமாக வருகிறது. அதே கெயினில் ஓஎஃப்டிஎம் அனுப்பினால், ரிசீவர் திரையில் சிம்பல்களைக் காட்டும் புள்ளிகள் கலைகின்றன. எங்கே பார்ப்பது?
– திட்டப்பணி மாணவர்கள், மதுரை

புள்ளிகள் கலைகிற விதத்தைப் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் மேகமாகப் பரவினால் உச்சம் வெட்டுப்படுகிறது. ஐஎஃப்எஃப்டி (சப்கேரியர்களைக் கூட்டி அலையாக்கும் கணக்கு) வெளியீட்டின் ஆர்எம்எஸ்-ஐ (ஒருவகைச் சராசரி அளவு) முழு அளவில் 0.25-க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் இடம் கிடைக்கும். பிறகு கெயினைப் படிப்படியாகக் குறையுங்கள். மேகம் சுருங்கி, ஸ்பெக்ட்ரத்தின் இருபுறத் தோள்களும் இறங்கினால் குற்றவாளி ஆம்பிளிஃபயர்தான்.

மொத்தமும் சிம்பலுக்குச் சிம்பல் சுழன்றால் ஃப்ரீக்வன்சி ஆஃப்செட், அதாவது இரு போர்டுகளின் அதிர்வெண் விலகல். 2.4 கிகாஹெர்ட்ஸில் இரு போர்டுகளும் எதிரெதிராக 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) விலகினால் 96 கிலோஹெர்ட்ஸ், வைஃபையின் 312.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதை, ரிசீவரில் சப்கேரியர்களைப் பிரிக்கும் எஃப்எஃப்டிக்கு முன்பே திருத்துங்கள். பிறகு திருத்தினால் சுழற்சி நிற்கும். சப்கேரியர்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்தது கசிந்ததுதான்.

நடு சப்கேரியர் நிற்க, ஓரத்தவை அதிகம் சுழன்றால் டைமிங் பிசகு. எஃப்எஃப்டி எடுக்கும் விண்டோவைச் சில சாம்பிள் முன்னுக்கு, ப்ரிஃபிக்ஸுக்குள் தள்ளுங்கள். முந்தினால் சேனல் எஸ்டிமேஷன் (சேனலின் விளைவை அளப்பது) சமாளிக்கும். பிந்தினால் அடுத்த சிம்பல் உள்ளே நுழைந்துவிடும்.

கேள்வி: டிடிஹெச் ஏன் இன்னும் ஒற்றைக் கேரியரில்?
– டிஷ் டெக்னீஷியன், சேலம்

டிஷ் ஒரே திசையைப் பார்க்கிறது. தீர்க்க எதிரொலியே இல்லை. மேலே சாட்டிலைட் ஆம்பிளிஃபயரோ மின்சாரத்தை வீணாக்காமல் உச்சத்துக்கு அருகிலேயே ஓட வேண்டும். அதற்கு, புள்ளிகளெல்லாம் ஒரே வட்டத்தில் நிற்கும் க்யூபிஎஸ்கே, 8பிஎஸ்கே தோது. டவரிலிருந்து தரைவழியில் வரும் டிவிபி-டி2 டிவி ஒளிபரப்பு கட்டடங்களுக்கிடையே வருவதால் ஓஎஃப்டிஎம்.