பலாலியா, கட்டுநாயக்கவா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருச்சியில் உறவினர் வீட்டுக் கல்யாணம். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்தும் திருச்சிக்கு விமானம் போகிறதாமே, அங்கே போய் ஏறலாமா? (வாசகி, ஹட்டன்)

பதில்: சென்னைக்கு 2024 செப்டெம்பர் 1இலும் திருச்சிக்கு 2025 மார்ச் 30இலும் பலாலியிலிருந்து இன்டிகோ சேவையைத் தொடங்கியது. ஆனாலும் ஹட்டன்காரருக்குக் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கதான் சரி. கண்டியை வைத்துக் கணக்குப் பார்த்தால், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்திலிருந்து பலாலிக்கு வடக்கே இன்னும் பதினைந்துக்கு மேல். கட்டுநாயக்கவோ கண்டியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான், அங்கிருந்து ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நேரே திருச்சிக்குப் போகிறது. பலாலியில் ஏறி டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கும் காசு வேன் வாடகையிலும் ஒரு இரவுத் தங்கலிலும் போய்விடும்.

பலாலி உண்மையில் கைகொடுப்பது, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய நம் மலையகக் குடும்பங்களுக்கு. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சொந்தம் தேடிப் போக அவர்கள் இனிக் கொழும்பு வரை இறங்க வேண்டியதில்லை.

பலாலியில் ஏறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வருவது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். இன்டிகோவினுடையதில் 78 ஆசனங்கள், இருபக்கமும் இரண்டிரண்டாக. பயணிகள் ஏறி இறங்கும் கதவு வால்பக்கம் இருக்கிறது, முன்கதவு பொதிகளுக்கு. ஆகவே முழங்கால் வலியுள்ள பெரியவரைக் கூட்டிப்போனால் பின்வரிசையைக் கேட்டு வாங்குங்கள். தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. கைப்பொதி 7 கிலோவுக்குள் இருந்தாலும் சில்லு வைத்த பெட்டி உள்ளே போகாமல் இழுபறிப்படும். துணிப்பைதான் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை இரு கரையிலும் பெய்யும், தாமதம் வரும். முகூர்த்தத்துக்கு முதல்நாள் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள்.

கேள்வி: பலாலியில் ஏன் பெரிய விமானங்கள் இறங்குவதில்லை? அது புதிதாகக் கட்டியதா? (வாசகர், பதுளை)

பதில்: இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை போட்ட தளம் அது. எயார் சிலோன் 1947 டிசெம்பர் 10இல் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு அங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அந்தக் கால அட்டவணையில் அதன் பெயர் காங்கேசன்துறை. நாட்டின் சொந்த விமான நிறுவனத்தின் முதல் பயணத்திலேயே யாழ்ப்பாணம் இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பிறகு போர். 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்ப் பக்கக் கடலில் விழுந்து 55 பேர் மாண்டார்கள். பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபர் 17இல். நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசெம்பர் 12இல்தான் மீண்டும் பறந்தது.

பெரிய விமானம் வராததற்குக் காரணம் ஓடுபாதை. 2019இல் செப்பனிட்ட நீளம் சுமார் 1,400 மீட்டர். ஏடிஆருக்கு அது போதும். ஏ320 போன்ற ஜெட் முழுப் பாரத்தோடு எழும்ப 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். கட்டுநாயக்கவில் 3,350 மீட்டர், மத்தளையில் 3,500. பாதை நீளும் வரை பலாலியிலிருந்து வளைகுடாவுக்கு நேரே பறக்கும் ஆசை நிறைவேறாது.

கேள்வி: நுவரெலியாவில் ஏன் விமான நிலையம் கட்டக்கூடாது? (மாணவர், தலவாக்கலை)

பதில்: நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு பார்த்தால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் வலு குறையும், கூடுதலாக ஓடித்தான் எழும்ப முடியும். அவ்வளவு நீளச் சமதரை அங்கே எங்கே?

அதைவிடப் பெரிய சிக்கல் மலை. பயணிகள் விமானம் வழக்கமாக 3 பாகைச் சரிவில் இறங்கும், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 52 மீட்டர். ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் முன்னால் அது தரையிலிருந்து 520 மீட்டர் உயரத்தில் வரும். பீதுருதாலகாலையோ நகரத்தை ஒட்டியே 650 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. மூடுபனியையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த மலைகளின் ஆபத்து நம் ஊருக்குத் தெரியாததல்ல. 1974 டிசெம்பர் 4இல், கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டின் எயார் டிசி-8 விமானம், விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்ததால் தாழ்ந்து, நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத்துச் சப்தகன்னி மலையில் மோதியது. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் போன பயணிகள் 182 பேரும் பணியாளர் 9 பேரும் இறந்தார்கள்.

மலையகத்தில் சாத்தியமானது கடல் விமானம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சின்னமன் எயாரின் சிறிய செஸ்னா கரவான் இறங்கியிருக்கிறது. நீர்ப்பரப்பே அதற்கு ஓடுபாதை. ஆனால் இரு கைவிரல்களில் எண்ணக்கூடிய சில பேர்தான் ஏறலாம். அது உல்லாசப் பயணிக்கானது, தோட்டத்துப் பயணிக்கு உதவாது.

கேள்வி: இந்திய ஈ-வீசாவில் பெயர்க் குழப்பம் வருகிறது. எப்படி எழுதுவது? (வாசகர், பண்டாரவளை)

பதில்: பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மூடி வையுங்கள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில், அடியில் இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் எல்கேஏ என்ற எழுத்துகளுக்குப் பிறகு இரட்டை அம்புக்குறி வரும் வரை உள்ளது குடும்பப் பெயர், அதற்குப் பின்னால் வருவது மற்றப் பெயர்கள். வீசாப் படிவத்திலும் டிக்கெட்டிலும் அதையே எழுத்துக்கு எழுத்து பாருங்கள். நம்மவர் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, தகப்பன் பெயரையும் தன் பெயரையும் இடம் மாற்றிப் போடுவது. மற்றது ஆங்கிலத்தில் ராமசாமியின் கடைசி எழுத்தை ஒன்றில் ‘ஐ’ என்றும் இன்னொன்றில் ‘வை’ என்றும் எழுதுவது. கவுண்டரில் நின்று திருத்த முடியாது.

கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னரே விண்ணப்பியுங்கள். அனுமதியை அச்செடுத்துக் கையில் வையுங்கள். ஈ-வீசாவில் திருச்சியிலும் சென்னையிலும் இறங்கலாம்.

கேள்வி: சபரிமலைக்குப் போகிறோம். தேங்காயைக் கையில் கொண்டுபோகலாமா? (ஐயப்ப பக்தர்கள், மாத்தளை)

பதில்: இந்தியாவில் விமானக் கைப்பொதியில் தேங்காய்க்கு அனுமதி இல்லை. இருமுடிக்காக மட்டும் பருவகாலத்தில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள், 2024இல் கொடுத்தது 2025 ஜனவரி 20 வரை. ஒவ்வொரு ஆண்டும் தனியாக அறிவிப்பு வர வேண்டும், ஆகவே டிக்கெட் எடுத்த நிறுவனத்திடம் கேட்டுவிட்டே கட்டுங்கள். முழுத் தேங்காயைப் பெரிய பொதியில் போடலாம். கொப்பரை எந்தப் பொதியிலும் ஆகாது, எண்ணெய்ப் பிடிப்பால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. நெய் 100 மில்லிலீட்டருக்கு மேலிருந்தால் பெரிய பொதியில்தான் போகும். குருசாமி சம்மதித்தால் திருச்சியில் இறங்கி அங்கேயே தேங்காய், நெய் வாங்கி இருமுடி கட்டிக்கொள்ளுங்கள்.